முதல் வண்டியைத் தொட்டவன்

1

எங்கள் கிடங்கில் காலை ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் வரிசையின் முதல் வண்டி கிளம்பாமல் நின்றுவிடுகிறது என்ற பேச்சு வந்ததும், மற்ற எல்லோரையும் போல நானும் அது யார் வேலையாக இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

வண்டி என்றால் ஆள் ஓட்டும் வண்டி இல்லை. தானே ஓடும் ரோபோ வண்டி. நாலைந்து கேரம் பலகையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போலத் தட்டையாக இருக்கும். அலமாரிக்கு அடியில் நுழைந்து, அலமாரியை அப்படியே தூக்கிக்கொண்டு, நாங்கள் நிற்கும் மேசைக்கு வரும். நாங்கள் பொருளை எடுத்துப் பெட்டியில் போட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் அலமாரியைத் தேடி நாங்கள் நடந்தோம். இப்போது அலமாரி எங்களைத் தேடி வருகிறது. நடை மிச்சம் என்று முதலில் சந்தோஷப்பட்டோம். நடை மிச்சமானால் நடக்கிற ஆளும் மிச்சம்தான் என்பது பிறகுதான் புரிந்தது. பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். மீதிப் பாதியில் நான் நிற்கிறேன்.

இரவெல்லாம் சார்ஜ் ஏறிய வண்டிகள் காலையில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். முதல் வண்டி நகராவிட்டால் பின்னால் இருப்பவை அத்தனையும் நிற்கும். தினமும் ஒரே வண்டி என்றால் அதற்குக் கோளாறு என்று சொல்லலாம். இது தினமும் வேறு வேறு வண்டி. எஞ்சினியர்கள் வந்து கழற்றிப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. மேலாளர் எங்களைக் கூட்டிவைத்து, யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள், ஆள் தெரிந்தால் வேலை போய்விடும் என்றார்.

எனக்குக் கெவின் மேல்தான் சந்தேகம். பக்கத்து மேசைக்காரர், இந்த ஊரிலேயே பிறந்த வெள்ளைக்காரர், ஓய்வு பெறும் வயது. வண்டி வரும்போதெல்லாம் அதைப் பார்த்து ஏதாவது திட்டுவார். அவர் திட்டுவதைத் தமிழில் எழுதினால் மரியாதையாகிவிடும், விட்டுவிடுகிறேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரி ஜெயராணியிடம் சொன்னேன்.

"அந்தக் கெவின்தான் செய்யுதாருன்னு நெனைக்கேன்."

"நீங்க பாத்தியளா?"

"பாக்கல."

"அப்பம் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. நம்ம விசா பேப்பர் எல்லாம் முடியுத வரைக்கும் யார் வம்பும் நமக்கு வேண்டாம்."

சும்மாதான் இருந்தேன். அடுத்த வாரம் ஷிப்ட் மேற்பார்வையாளர் மார்த்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். போலந்துக்காரி, சிரிக்க மாட்டாள், ஆனால் மோசமானவள் இல்லை. கேமராவில் பதிவானதைக் கணினியில் ஓடவிட்டாள். ஒரு வழுக்கைத்தலை ஆள் வேலைக்கு வருகிறான். வரிசையில் நிற்கும் முதல் வண்டியின் அருகே குனிகிறான். அதன் முன்பக்கத்துக் கறுப்பு ரப்பர் பட்டையைக் கையால் அழுத்தித் தொடுகிறான். தொட்ட விரல்களை உதட்டில் வைத்து முத்தி செய்துவிட்டுப் போகிறான். அடுத்த நாள், அதே ஆள். அதற்கடுத்த நாளும்.

அந்த வழுக்கை எனக்கு இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

2

ஊரில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலையில் ஆட்டோ எடுக்கிறவர் ஹேண்டில்பாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றாமல் எடுப்பாரா? கடை திறக்கிற அண்ணாச்சி வாசற்படியைத் தொடாமல் உள்ளே கால் வைப்பாரா? பஸ் டிரைவர், தையல்காரர், கரும்புச்சாறு பிழிகிறவர், எல்லோரும் தொடுகிறவர்கள்தானே.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நான் பழைய துறைமுகத்தில் தோணிக்கு வேலைக்குப் போனேன். சொந்த ஊர் பெரியதாழை என்றாலும் அதன்பிறகு வாழ்க்கை தூத்துக்குடியில்தான். மாலத்தீவுக்கு வெங்காயம், காய்கறி, சிமெண்டு ஏற்றுவோம். முதல் மூடை உள்ளே போவதற்கு முன் எல்லோரும் அணியத்தை, அதாவது தோணியின் முன்மூக்கை, ஒரு தடவை தொடுவோம். இந்துக்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பாய்மார் பிஸ்மில்லா சொல்வார்கள். வேதக்காரர்கள் நாங்கள், கிறிஸ்தவர்கள், விரலை முத்தி செய்வோம். தொடாமல் யாராவது மூடையைத் தூக்கினால் தோணித் தலைவர், நாங்கள் தண்டல் என்போம், மேலிருந்து கத்துவார்: "ஏல, ஒங்க மாமனார் வீட்டுக்குள்ளயா போற? தொட்டுட்டுப் போல!"

பிறகு புதிய துறைமுகத்தில் கண்டெய்னர் பெட்டிகளைக் கம்பி போட்டு இறுக்கும் வேலைக்குப் போனேன். அணியம் போய்விட்டது, அன்றைக்கு முதலில் கைக்கு வரும் பெட்டியைத் தொட்டேன். இங்கே வந்து கிடங்கில் தள்ளுவண்டியைத் தொட்டேன். தள்ளுவண்டி எதுவும் சொல்லவில்லை. தள்ளுவண்டி போய் ரோபோ வண்டி வந்தது. அதையும் தொட்டேன். நினைத்துச் செய்ததில்லை. செருப்பைக் கழற்றுகிற மாதிரி, கை தானாகப் போகும்.

அந்த ரப்பர் பட்டைதான் அதற்கு உணர்வு. எதிலாவது இடித்தால் நின்றுகொள்வதற்காக வைத்திருக்கிறார்கள். நான் அழுத்தினதும் எதன்மேலோ இடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அது அப்படியே நின்றுவிடும். பிறகு ஒருவர் வந்து ஒரு பொத்தானை அமுக்கினால்தான் கிளம்பும். இதெல்லாம் எனக்குத் தெரியாது. தொட்டுவிட்டு நான் பாட்டுக்கு என் மேசைக்குப் போய்விடுவேன். அங்கே நின்றுகொண்டு, "இந்த வண்டியை யாரோ கெடுக்கிறார்கள்" என்று கெவினைப் பார்ப்பேன்.

மார்த்தா கேட்டாள், இது என்ன என்று. நான் ஸாரி என்றேன். இந்த நாட்டில் பஸ்ஸில் இடித்தவரும் ஸாரி சொல்கிறார், இடிபட்டவரும் ஸாரி சொல்கிறார். அந்தப் பழக்கத்தில் சொன்னேன். அவள் அதைக் கணினியில் தட்டிக்கொண்டாள். விசாரணை நடக்கும், கூட வேலை செய்பவர் ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம் என்றாள்.

3

ஊரில் என்னை லண்டன்காரன் என்கிறார்கள். லண்டனில் நான் விமான நிலையத்தைத் தவிர எதையும் பார்த்ததில்லை. இது நாட்டின் நடுவில் இருக்கும் ஒரு ஊர், கடலுக்கு எந்தப் பக்கம் போனாலும் தூரம். ஜெயராணி இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய விசாவில் நானும் மகள் ஜெனியும் ஒட்டிக்கொண்டு வந்தோம். அரசாங்கக் காகிதத்தில் நான் 'சார்ந்திருப்பவன்'. நல்ல சொல்தான், பொய்யில்லை.

நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கும் நாள் நெருங்கிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து, காத்திருக்கும் காலத்தைக் கூட்டப் போகிறார்கள் என்று பேச்சு. ஒரு நாள் டிவியில் ஒன்று சொல்கிறார்கள், மறுநாள் வேறொன்று. நல்ல நடத்தை வேண்டும் என்பதை மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள். வேலை செய்யும் இடத்தில் வேண்டுமென்றே எந்திரத்தைக் கெடுத்தான் என்று எழுதிவிட்டால் அது நல்ல நடத்தையா? எனக்கு வேலை போனால் வாடகைக்கு ஒருத்தி சம்பளம் போதுமா? எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சும்மாவே நான் பயப்படுகிற ஆள். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள்.

ஜெனிதான் சிரித்துவிட்டாள்.

"அப்பா, நீங்க ரோபோவ கிஸ் பண்ணீங்களா?"

"ஏட்டி, ரோபோவை இல்ல. விரலை."

"ரோபோவத் தொட்ட விரலை. சேம் திங்." சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ஏன் தொடணும்?"

பதில் இருக்கிறது என்று நினைத்து வாயைத் திறந்தேன். இல்லை. எனக்கு யாரும் ஏன் என்று சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. தொடாவிட்டால் தண்டல் கத்துவார் என்பதை இவளிடம் எப்படிச் சொல்வது? அவள் காதில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். வீட்டுக்குள்ளும் குளிர்கோட்டோடுதான் இருப்பாள். ஹீட்டரை அவள் படிக்கிற நேரத்துக்கு மட்டும் போடுகிறோம். ஊரில் எல்லோரும் என் சம்பளத்தை ரூபாயாக மாற்றிப் பார்க்கிறார்கள். ஹீட்டரை ரூபாயாக மாற்றிப் பார்ப்பவர் யாருமில்லை.

ஜெயராணிக்கு அவள் வார்டில் யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள்.

"மதம்னு சொல்லிருங்க. மதம்னு சொன்னா இங்கன ஒண்ணும் செய்ய மாட்டாங்களாம்."

"எந்தப் பூசையில எந்தச் சாமியாரு ரோபோவைத் தொடச் சொல்லியிருக்காரு?"

"அப்பம் பழக்கம்னு சொல்லுங்க."

"பழக்கம்னா விடச் சொல்லுவாங்க."

"விட்ருங்க."

"விட்டா?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "விட்டா என்ன ஆகும்?"

"எனக்குத் தெரியாதுளா. விட்டதே இல்லியே."

4

இந்தக் களேபரத்துக்கு நடுவில் ஜெயராணியின் தம்பி சேவியர் தூத்துக்குடியிலிருந்து போன் செய்தான். துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறான். இங்கே வரவேண்டும் என்று கொஞ்ச நாளாகவே ஒற்றைக்காலில் நிற்கிறான். ஏஜெண்டு ஒருவன் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று சொல்லியிருக்கிறான்.

"அத்தான், அங்கன வேலை நெலையா இருக்குமா, அத மட்டும் சொல்லுங்க."

"இங்க எதுவுமே நெலை இல்ல மச்சான். எல்லாத்துக்கும் மிசினு வருது."

"இங்கனயும்தான் வருது. ஆளில்லாத கிரேன் வரும்னு சொல்லுதாங்க. கிரேன் வந்தா லாரியும் ஆளில்லாமதான் வரும். மிசினு எங்க போனாலும் வருதுன்னா, நல்ல சம்பளம் குடுக்குத ஊருல இருந்து பயப்படுவோமே."

அவன் சொல்வது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. சரி, வா என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஏஜெண்டை நம்பாதே, வீட்டை அடகு வைக்காதே, மூட்டுவலிக்காரர்களைத் தூக்கிக் குளிப்பாட்ட உனக்குப் பொறுமை இருக்கிறதா என்று ஏதேதோ சொன்னேன். எல்லாம் அக்கறையாகத்தான் சொன்னேன். போனை வைத்த பிறகு உள்ளே வேறொரு குரல் கேட்டது: இன்னும் இன்னும் ஆட்கள் வந்தால் இருக்கிற ஷிப்டுகளும் குறையுமே.

திடுக்கிட்டுவிட்டேன். இது கெவின் பேசுகிற பேச்சு. தேநீர் இடைவேளையில் அவர் என்னிடமே சொல்லியிருக்கிறார்: முதலில் நீங்கள் வந்து எங்கள் வேலையை எடுத்தீர்கள், இப்போது இந்த வண்டி வந்து உங்கள் வேலையை எடுக்கிறது, எப்படி இருக்கிறது? அவர் மகனுக்கு இந்த ஊரிலேயே வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. கல்யாணம் ஆகியும் அப்பா வீட்டிலேயே இருக்கிறான். கெவினுக்குக் கோபம் வருவது நியாயம் என்று எனக்குப் படும். அது நியாயம் என்றால் நான் வந்தது அநியாயமா? அதற்கு மேல் யோசித்தால் எனக்குத் தலை சுற்றும். அங்கேயே நிறுத்திவிடுவேன்.

மீன்கடைக்குப் போனால் இங்கே தலையை வெட்டி எறிந்துவிட்டுத்தான் தருகிறார்கள். தலையைக் கேட்டேன். பூனைக்கா என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன். ஒவ்வொரு வாரமும் உன் பூனை எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார். நன்றாக இருக்கிறது என்கிறேன். என் நிலைமை இதுதான். யார் எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லி ஒரு பூனையை வளர்த்துக்கொண்டிருக்கிறேன்.

5

துணைக்குக் கெவினையே கூப்பிட்டேன். வேறு யாரைக் கூப்பிடுவது? மற்றவர்கள் எல்லோரும் என்னைப் போல விசாவில் இருப்பவர்கள். எனக்காக வாயைத் திறந்து அவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கெவினை யாரும் எங்கேயும் திருப்பி அனுப்ப முடியாது. நடந்ததைச் சொன்னேன். அவர் சந்தோஷம் தாங்காமல் மேசையைத் தட்டினார். இத்தனை நாள் அந்த எந்திரத்தை நிறுத்திவைத்தது நீயா, உனக்கு நான் ஒரு பீர் வாங்கித் தரவேண்டும் என்றார். அவர்மேல் எனக்கிருந்த சந்தேகத்தைச் சொல்லவில்லை. எல்லாரும் தன்னைத்தான் சந்தேகப்பட்டார்கள் என்று அவரே பெருமையாகச் சொன்னார்.

விசாரணையில் மேலாளரும் ஹெச்.ஆர். பெண்ணும் எதிரே இருந்தார்கள். அந்தப் பெண் ரொம்ப மெதுவாக, குழந்தையிடம் பேசுவது போலப் பேசினாள். இது உங்கள் மதத்தைச் சேர்ந்ததா? மதம் என்றால் அதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. மதம் இல்லை என்றால் வேறு நடைமுறை. ஜெயராணி சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மீன்கடையில் சொல்கிறேனே, இங்கே சொல்லக் கூடாதா? ஆனால் வாய் வரவில்லை. தோணியில் எனக்குப் பக்கத்தில் நின்று தொட்டவன் வேறு மதம், அவனுக்குப் பக்கத்தில் நின்றவன் வேறு. மூன்று பேரும் தொட்டது ஒரே பலகையை. அப்படியென்றால் அது யார் மதம்?

தெரியாது என்றேன்.

அப்படியானால் எந்திரத்தின்மேல் கோபமா? மேலாளர் கேட்டார்.

கோபம் இல்லை, பயம் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. தோணியிலும் பயம்தான். தலைக்குமேல் மூடை, காலுக்குக் கீழே கடல். அதற்குப் பயந்துதான் தொட்டோம். இங்கேயும் பயந்துதான் தொடுகிறேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. தொடாமல் விட்டால் என்ன ஆகும் என்று மேலாளர் கேட்டார். ஜெயராணியிடம் சொன்னதையே சொன்னேன்: தெரியாது, விட்டதில்லை.

அப்போது கெவின் குறுக்கிட்டார். அவர் மேலாளரைப் பார்த்து, நீ பந்தயத்தில் பணம் கட்டும்போது மரத்தைத் தொடுவதில்லையா, உன் அம்மா தொடவில்லையா என்றார். இந்த நாட்டில் நல்லது ஏதாவது பேசிவிட்டு, அது கெட்டுப்போகக் கூடாது என்று பக்கத்தில் இருக்கும் மரத்தைத் தொடுவார்கள். மேலாளர் தன்னை அறியாமல் மேசையைப் பார்த்தார். அது பிளாஸ்டிக். ஹெச்.ஆர். பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமுவது போல வாயை மூடிக்கொண்டாள்.

வேலை போகவில்லை. இனிமேல் முன்பக்கத்தைத் தொடக் கூடாது என்று எழுத்தில் ஒரு எச்சரிக்கை மட்டும். கொஞ்ச காலம் அது என் பெயரில் இருக்கும், பிறகு தானாகப் போய்விடும் என்றார்கள். அந்தக் கொஞ்ச காலத்துக்குள் எங்கள் விண்ணப்பம் போனால் அது கணக்கில் வருமா? குடியேற்ற அலுவலக எண்ணுக்குப் போன் செய்தேன். நெடுநேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒருவர் வந்து, அதைப் பற்றித் தங்களால் யோசனை சொல்ல இயலாது என்று அழகாகச் சொன்னார். ஆக, இன்னும் தெரியாது. ஜெயராணி அது வராது என்கிறாள். அவளுக்கும் தெரியாது, எனக்காகச் சொல்கிறாள்.

சேவியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இதைக் கேட்டாவது அவன் ஆசை அடங்கும் என்று நினைத்தேன். அவன் நெடுநேரம் சிரித்தான்.

"வேலை போகலல்லா?"

"போகல."

"கேமராவுல மாட்டியும் ஒக்கார வச்சுப் பேசி அனுப்பிருக்கானுவ. இங்கனன்னா கழுத்தப் புடிச்சுத் தள்ளிருப்பான். நல்ல நாடுதான் அத்தான். நான் வாரேன்."

6

மறுநாள் காலை உள்ளே நுழையும்போது கையைக் குளிர்கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன். முதல் வண்டியின் முன்னால் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். என் ஒருவனுக்காகப் போட்ட கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். கால் நகரவில்லை. பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மார்த்தா வந்தாள். குனிந்து, வண்டியின் பக்கவாட்டுத் தகட்டில், பின்பக்கமாக ஒரு இடத்தை விரலால் தட்டிக் காட்டினாள். இங்கே எதுவும் இல்லை, இங்கே தொட்டால் அதற்குத் தெரியாது என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். போலந்தில் அவர்கள் எதைத் தொடுவார்களோ, கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

கோட்டைச் சுற்றிப் போய், அவள் காட்டிய இடத்தைத் தொட்டேன். குளிர்ந்த தகடு. விரலை முத்தி செய்தேன்.

தண்ணீரில் நிற்கும் தோணியை நீங்கள் தொட்டிருந்தால் தெரியும். நாம் தொட்டதும் அது கையைக் கொஞ்சம் திருப்பித் தள்ளும். அலைதான் தள்ளுகிறது, ஆனாலும் நம்மை அது கவனித்தது போல இருக்கும். இந்த வண்டிகூட முன்பெல்லாம் நான் தொட்டதும் கிளம்பாமல் நின்றிருக்கிறது. தினமும் நின்றிருக்கிறது. எனக்குத்தான் அது தெரியாமல் போனது. தெரிந்த பிறகு, அதற்குத் தெரியாத இடத்தில் தொட்டுக்கொண்டிருக்கிறேன்.

மணி அடித்தது. வண்டி என் பக்கத்திலிருந்து நழுவி, சரியான நேரத்துக்குக் கிளம்பிப் போனது. பின்னால் இருந்தவை ஒவ்வொன்றாக அதன்பின் போயின. எதிர்ப்பக்கத்திலிருந்து கெவின், "என்ன, ஏமாற்றிவிட்டாயே!" என்று கத்தினார். நான் என் மேசைக்குப் போய் நின்றேன். முதல் அலமாரி வந்தது, பொருளை எடுத்தேன், பெட்டியில் போட்டேன், ஒட்டினேன். இரண்டாவது வந்தது. மதியம் வரை ஒரு இடத்திலும் எதுவும் நிற்கவில்லை.

எனக்கு மட்டும் அன்றைக்கு வேலை ஆரம்பித்த மாதிரியே இல்லை.